வேர் மூடாத பல்

டாக்டர் கலீல் ரஹ்மானின் பல் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டுதான் வருவார்கள். 1995 மே மாதம், அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்த காளியாத்தாள் கழுத்தைப் பொத்திக்கொண்டு வந்தார். முந்தானைக்கு அடியில் அவருடைய விரல்கள் தாலிக்கொடியை இறுகப் பற்றியிருந்தன.

கூட வந்தவர் சப்-இன்ஸ்பெக்டர் ரங்கராஜ். கையில் ஒரு திருப்பூர் பனியன் பெட்டி, சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. பல் மருத்துவக் கல்லூரியில் இருபது வருடம் பாடம் நடத்திவிட்டு, கோட்டைமேட்டில் வீட்டின் முன்பகுதியிலேயே தொழில் செய்துவந்த கலீல் ரஹ்மானுக்கு அந்த மாதிரிப் பெட்டிகள் பழக்கம். போலீஸார் எலும்பு கிடைத்தால் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி, தண்ணீர் கேட்டார்.

அவர் மனைவி உம்மல் குல்சும் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். காளியாத்தாள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"சிறுவாணியா அம்மணி? இனிக்குது. எங்க பக்கம் இப்படித் தண்ணிக்கு எங்க போறது" என்றார். அப்புறம் மிச்சத்தையும் குடித்தார்.

விஷயத்தை அவர் கோவையாகச் சொல்லவில்லை. நடுவில் தொடங்கி, முன்னால் போய், மறுபடி அழுதார். ரங்கராஜ் இடையிடையே எடுத்துக்கொடுத்ததைச் சேர்த்தால் விவரம் இதுதான்.

காளியாத்தாளின் கணவர் செங்காளியப்பன், கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில், மைத்துனர் கந்தப்பனின் தோட்டத்தில் எட்டு விசைத்தறி போட்டு நடத்தியவர். கந்தப்பன் காளியாத்தாளின் உடன்பிறந்த அண்ணன். 1984 புரட்டாசியில் ஒரு சாயங்காலம் தறிக்கூடத்துக்குப் போன செங்காளியப்பன் திரும்பி வரவில்லை. அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. மகன் ஜெகதீசனுக்குப் பதினான்கு. அதற்குப் பிறகு அந்தப் பையனைப் படிக்கவைத்தது, வீட்டுக்கு நெல் அனுப்பியது எல்லாம் அண்ணன் கந்தப்பன்தான். ஜெகதீசனுக்கும் கந்தப்பனின் மகள் கீதாவுக்கும் இன்னும் பன்னிரண்டு நாளில் கல்யாணம். ஜாதகம் பார்ப்பதற்கு ரொம்ப நாள் முன்பே அவர்கள் இரண்டு பேரும் மனசுக்குள் முடிவு செய்துவிட்ட கல்யாணம் அது.

போன வாரம் கந்தப்பன் கல்யாணத்துக்குத் தேங்காய் வாங்க உடுமலைப்பேட்டை போயிருந்தார். மாமன் திரும்பி வருவதற்குள் ஒரு நல்ல காரியம் செய்துவைப்போம் என்று ஜெகதீசன் ஆள் பிடித்து, தறிக்கூடத்துக்குப் பக்கத்துப் பழைய கிணற்றைத் தூர் வாரினான். மூன்றாம் நாள் மண்ணுக்குள் எலும்புக்கூடு தென்பட்டது. கூடவே ஒரு கைக்கடிகாரமும்.

"எங்கப்பன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குப் போட்ட வாச்சுங்க. பொறவால அவரு பேரெழுத்து வெட்டியிருக்குது" என்றார் காளியாத்தாள். "எங்கண்ணன் வந்து கெணத்துல எட்டிப் பார்த்துச்சு. அத்தன சனத்துக்கு முன்னால எங்கிட்டச் சொல்லுச்சு, 'அம்மணி, இது மச்சான் இல்ல. நீ தாலியத் தொடாதே'ன்னு. அப்புறம் ஒரு வார்த்த பேசலைங்க. கேட்டவங்களுக்கெல்லாம் வாயே தொறக்கல."

ரங்கராஜ் தன் பங்குக்குச் சேர்த்தார். அந்தக் கிணறு பதினோரு வருடமாகத் தூர் வாரப்படவில்லை. நடுவே மூன்று வறட்சி வந்தது. கந்தப்பன் மூன்று முறையும் புதிதாக போர் போட்டாரே தவிர, அதைத் தொடவிடவில்லை. எலும்பின் மேல் ஒரு அடுக்குச் செம்மண் கிடந்தது. யாரோ வண்டியில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். அரசு மருத்துவர் எலும்பைப் பார்த்து, ஆண், வயது நாற்பதிலிருந்து நாற்பத்தைந்துக்குள் என்று எழுதியிருந்தார். சென்னைக்கு அனுப்பினால் பதில் வர மாதக்கணக்காகும்.

"எல்லாம் பொருந்துது டாக்டர். வயசு, வாட்ச், கிணறு. நீங்களும் ஒரு வரி எழுதிக்கொடுத்தா இன்னைக்கே கந்தப்பனைக் கூட்டிட்டு வந்துடுவேன்."

காளியாத்தாள் அவரைப் பார்க்கவில்லை. டாக்டரைத்தான் பார்த்தார்.

"அவருதான்னா எங்கண்ணன் கொலைகாரனுங்க. அந்த ஊட்டுப் புள்ளய எம்பையனுக்கு எப்படிங்க கட்டறது? அவரில்லைன்னா இந்தத் தாலி கெடந்துட்டுப் போகுது, கல்யாணம் நடக்கட்டும். எனக்கு வேற ஒண்ணும் தெரிய வேண்டாமுங்க. அவரா இல்லையா, அத மட்டும் சொல்லிப்போடுங்க."

கலீல் ரஹ்மான் அவரிடம் நான்கு கேள்விகள்தான் கேட்டார். கணவர் பல் பிடுங்கியதுண்டா என்றதற்கு, பல்வலி என்று ஒருநாளும் படுத்ததில்லை என்றார் காளியாத்தாள். வெற்றிலை உண்டா? புகையிலையோடு, காலையிலிருந்து ராத்திரி வரை. எங்கே பிறந்து வளர்ந்தவர்? சோமனூர், வேறு ஊர்த் தண்ணீரே குடித்ததில்லை. தறியில் அவரே நின்று நெய்ததுண்டா?

"மேற்பார்வை மட்டுந்தானுங்க. நெய்யறதுக்கு வெளியூர்ப் பசங்க இருந்தாங்க."

வியாழக்கிழமை கந்தப்பனின் தோட்டத்துக்கே வந்து சொல்வதாக டாக்டர் சொன்னார். அதுவரை யாரையும் கைது செய்ய வேண்டாம் என்று ரங்கராஜிடம் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் ரங்கராஜால் பொறுக்க முடியவில்லை. வந்துவிட்டார். டாக்டர் பின்னறையில் விளக்கடியில் தாடை எலும்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கறையைப் பாருங்க" என்றார்.

முன்பற்கள் எல்லாம் பழுப்பாக இருந்தன. ரங்கராஜ் தயங்காமல் சொன்னார். "வெத்தலை. புகையிலை. அந்தம்மா சொன்னாங்களே."

டாக்டர் பல்லைச் சுத்தம் செய்யும் கூரான கருவியை எடுத்துச் சுரண்டினார். பழுப்பு போகவில்லை. பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். கறை பல்லின் குறுக்கே வரிவரியாக ஓடியது. இடது பக்கத்துப் பல்லில் எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் வலது பக்கத்துப் பல்லிலும் இருந்தது. நடுநடுவே சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டுகள்.

"வெத்தலைக் கறை மேலே ஒட்டியிருக்கும். ஈறு ஓரத்திலும் நாக்குப் பக்கத்திலும் அதிகமா இருக்கும், சுரண்டினா வரும். இது பல்லுக்கு உள்ளேயே இருக்கு. பல் ஈறுக்குள்ள உருவாகிற வயசுல, அதாவது ஏழெட்டு வயசுக்குள்ள, ஃப்ளோரைடு அதிகமான தண்ணி குடிச்சா இப்படி ஆகும். தர்மபுரி பக்கம் போனா வீட்டுக்கு வீடு பார்க்கலாம்."

"ஆனா தேய்மானம்? கடைவாய்ப் பல்லெல்லாம் தட்டையாயிருச்சே. நாற்பது வயசு இல்லாம இப்படித் தேயுமா?"

"டயர் தேஞ்சிருக்கறதைப் பார்த்து வண்டி எந்த வருஷத்து மாடல்னு சொல்வீங்களா? எவ்வளவு ஓடுச்சு, எந்த ரோட்டில் ஓடுச்சுன்னுதான் சொல்ல முடியும். அந்தத் தண்ணி குடிச்ச பல்லில் மேல்பூச்சு உதிரும், சீக்கிரம் தேயும். தேய்மானத்தையும் கறையையும் பார்த்துத்தான் அரசு மருத்துவர் நாற்பதுன்னு எழுதிட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. இடுப்பு எலும்பும் நெஞ்செலும்பும் மண்வெட்டியில் சிதைஞ்சுபோச்சு, அவருக்குப் பார்க்கக் கிடைச்சது அவ்வளவுதான்."

பிறகு ஒரு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தாடையின் கடைசிப் பல். ஞானப்பல் என்று சொல்வார்கள். மற்ற பற்களின் வேர்கள் நுனியில் கூர்மையாக முடிந்திருந்தன. இதன் வேர் மட்டும் வளர்ந்து நீண்டும் நுனி மூடாமல், புனலின் வாய்போல விரிந்திருந்தது.

"மேலே எவ்வளவு தேஞ்சாலும் வேரின் நுனிக்குத் தேய்மானம் கிடையாது. அது தன் கணக்கில் வளரும். இந்தப் பல்லின் வேர் இருபத்தொண்ணு, இருபத்திரண்டு வயசில் மூடும்."

இன்னும் ஒன்று காட்டினார். வேறொரு பல்லை மெல்லிய சீவலாகத் தேய்த்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டியிருந்தார். வயதாக ஆக வேர் நுனியிலிருந்து மேல்நோக்கி, எண்ணெய் பட்ட காகிதம் போல வெளிச்சம் ஊடுருவ ஆரம்பிக்கும். நாற்பது வயதில் வேரில் ஒரு நல்ல பங்கு அப்படி ஆகியிருக்க வேண்டும். இதில் அந்த அடையாளமே இல்லை.

ரங்கராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை வயசு?"

"பத்தொன்பது. ஒரு வருஷம் முன்னே பின்னே."

கடைசியாக, மேல்வரிசை முன்பல் ஒன்றின் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளத்தைக் காட்டினார். அது ரங்கராஜுக்கே தெரிந்தது. அவருடைய சொந்த அத்தை மகன் வாயிலும் அது உண்டு. தறியில் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறவர்களுக்கு, சின்ன வயதிலிருந்தே அந்த வேலை செய்தால், நூல் போகும் தடம் பல்லில் விழுந்துவிடும்.

"அப்ப தர்மபுரிப் பக்கத்துத் தறிப் பையன்" என்றார் ரங்கராஜ். உற்சாகம் திரும்பியிருந்தது. "அந்தம்மாவுக்கு நல்ல சேதி. கந்தப்பன் நிரபராதி. இப்பவே போய்ச் சொல்லிடலாம்."

"அந்த வாட்ச் எங்கே கிடந்துச்சு, கிணத்தடியில் நீங்க எழுதின மகஜர்ல சரியா இருக்கா?"

ரங்கராஜ் கோப்பைப் புரட்டிப் படித்தார். வலது கை ஒரு கல்லுக்கு அடியில் சிதையாமல் கிடந்தது. கடிகாரம் அந்தக் கையின் விரல் எலும்புகளுக்குள். பட்டையின் ஊசி முறிந்து, பட்டை திறந்த நிலையில்.

"மணிக்கட்டில் இல்லை. விரல்களுக்குள்" என்றார் டாக்டர். "இப்ப கந்தப்பன் கிணத்தடியில் சொன்னதை இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க. நீங்க அவசரமா அந்தம்மாகிட்டப் போக வேண்டாம். இது நல்ல சேதி இல்லை."

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஜீப் தோட்டத்துக்குள் நுழைந்தது. கந்தப்பனின் சாளை, அந்தப் பக்கம் தோட்டத்து வீட்டை அப்படித்தான் சொல்வார்கள், கல்யாணத்துக்காகப் பாதி வெள்ளையடித்து நின்றிருந்தது. வேலை பாதியில் நின்றுபோயிருந்தது. உடுமலைத் தேங்காய்கள் மூட்டை பிரிக்காமல் முற்றத்தில் கிடந்தன.

கந்தப்பன் அறுபது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். கீதா மோர் கொண்டுவந்து வைத்தாள். ஜெகதீசனுக்குக் கொடுக்கும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டார்கள். காளியாத்தாள் அண்ணன் இருந்த பக்கம் திரும்பாமல் தூணோரம் உட்கார்ந்தார்.

கலீல் ரஹ்மான் முதலில் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

"ஏனுங்கம்மா, அது உங்க வீட்டுக்காரர் இல்லைங்க."

காளியாத்தாளின் கை கழுத்திலிருந்து இறங்கியது. ஜெகதீசன் கண்ணை மூடித் திறந்தான். கந்தப்பன் மட்டும் அசையவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வேரையும் கறையையும் நூல் தடத்தையும் எளிதாக விளக்கினார். கிணற்றில் கிடந்தவன் பத்தொன்பது வயதுப் பையன், தர்மபுரிப் பக்கத்தில் பிறந்து, இங்கே தறி ஓட்டியவன் என்றார். பிறகு குரலை மாற்றாமல் தொடர்ந்தார்.

"நீங்க அது மட்டும் போதும்னீங்க. ஆனா அதோடு நிறுத்தினா உங்களுக்கு நான் பாதிதான் சொன்ன மாதிரி ஆயிடும். உங்க அண்ணன் கிணத்தை எட்டிப் பார்த்த உடனே, அது மச்சான் இல்லைன்னு சொன்னார். கடிகாரம் இருந்துச்சு, ஊரே அவர்தான்னு சொன்னது, அப்புறம் அரசு டாக்டரும் நாற்பது வயசுன்னார். இவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? எல்லாரும் அதைக் கொலைகாரன் சொன்ன பொய்னு நினைச்சோம். பல்லைப் பார்த்த பிறகுதான் தெரியுது, அது உண்மை. மேலே நின்னு பார்த்து எலும்புக்கு ஆள் அடையாளம் சொல்ல யாராலும் முடியாது. உள்ளே இருக்கறது யார்னு முன்னாலேயே தெரிஞ்சவராலதான் முடியும்."

ரங்கராஜ் நோட்டைத் திறந்து, டாக்டர் சொல்வதை எழுத ஆரம்பித்தார்.

"தெரிஞ்சும், தன்னைக் கொலைகாரன்னு சொன்னப்ப அந்தப் பையன் பேரைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கலை. ஏன்? பேரைச் சொன்னா அடுத்த கேள்வி, யார் தள்ளினதுன்னு வரும். கடிகாரம் அதுக்குப் பதில் சொல்லிடும். அது பையன் கட்டியிருந்தது இல்லை. பட்டை பிஞ்சு, விரலுக்குள்ள இருந்துச்சு. விழும்போது எதிரே நின்னவர் கையைப் பிடிச்சிருக்கான். கையில் வந்தது அதுதான்."

கந்தப்பன் தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சொல்ல ஆரம்பித்ததும் அவர் நிறுத்தவில்லை. பையன் பெயர் முனிராஜ். அன்று தறியில் தூங்கி, ஒரு பாவு நூல் முழுக்கப் பாழாக்கிவிட்டான். செங்காளியப்பன் அடித்தார், அவன் ஓடினான், கிணற்று மேட்டில் மடக்கிப் பிடித்து மறுபடி அடித்தார். அந்தக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. சத்தம் கேட்டுக் கந்தப்பன் ஓடி வந்தபோது செங்காளியப்பன் விளிம்பில் நின்று தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கந்தப்பன் இறங்கிப் பார்த்தார். சேற்றில் கழுத்து மடங்கிக் கிடந்தவனுக்கு மூச்சில்லை. மேலே ஏறி வரும்போது மைத்துனர் அவிநாசி ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஒரு லாரி நின்றது. அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. விடிந்ததும் மண் கொட்டியது கந்தப்பன்தான்.

"காணாமப் போனவன் பொண்டாட்டின்னா ஊரு பாவம்னு சொல்லும்" என்றார். "கொலைகாரன் பொண்டாட்டின்னா என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும் அம்மணி. பையனுக்கும் பதினாலு வயசு."

"அதனால உன் புள்ளயவே எம்பையனுக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ணுனியாண்ணா? எல்லாந் தெரிஞ்சும்?"

"ஜெகதீசன் என்ன பண்ணினான்" என்றார் கந்தப்பன்.

காளியாத்தாள் அழவில்லை. யாரும் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"அந்தப் பையனுக்கு அம்மா இருந்தாங்களா?"

அதுவரை தடுமாறாமல் பேசிய கந்தப்பன் இங்கே மடியிலிருந்த துண்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

"பங்காரம்மான்னு பேரு. அடுத்த தை மாசம் வந்துச்சு. கேட்டுக்கு வெளியவே நின்னுச்சு. பையன் சூரத்துக்கு மில் வேலைக்குப் போயிட்டான்னு சொன்னேன். அது சந்தோஷப்பட்டுச்சு. ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு."

"என்ன?"

"அங்க தண்ணி நல்ல தண்ணிங்களான்னு."

ரங்கராஜ் எழுதுவதை நிறுத்தினார். கீதா உள்ளே போய்விட்டாள்.

காளியாத்தாள் எழுந்தார். மகனையும் அண்ணனையும் பொதுவாகப் பார்த்து, கல்யாணம் நிற்காது, ஆனால் இந்த முகூர்த்தத்தில் இல்லை என்றார். அந்தப் பையன் அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அண்ணன் போலீஸில் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டு வரட்டும். எத்தனை மாதமானாலும் கீதா தன் வீட்டுப் பெண்தான். கந்தப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு சட்டை மாட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

நான்கு நாள் கழித்து ரங்கராஜ் டாக்டரின் அறிக்கையை வாங்க வந்தார். மண் கொட்டி மறைத்ததற்காகக் கந்தப்பன் மேல் வழக்கு, செங்காளியப்பனைத் தேட நான்கு மாநிலத்துக்குத் தகவல் என்று விவரங்கள் சொன்னார். பங்காரம்மா உயிரோடு இருக்கிறார், ஊர் தெரிந்துவிட்டது. இன்று ரங்கராஜ் நேரே அங்கேதான் போகிறார்.

"போலீஸ் போய்ச் சொன்னாப் போதும்னேன். காளியாத்தாள் கேக்க மாட்டேங்கறாங்க. நானே சொல்றதுதான் மரியாதைன்னு கிளம்பி வந்துட்டாங்க. ஜீப்புல இருக்காங்க."

ஆனால் காளியாத்தாள் ஜீப்பில் இல்லை. வாசலுக்கு வந்து நின்றிருந்தார். கையில் மூடியும் பிடியும் வைத்த ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி. நெற்றியில் விபூதி மட்டும் இருந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது.

ரங்கராஜ் திடுக்கிட்டார். செங்காளியப்பன் இறந்ததாக யாரும் சொல்லவில்லையே என்று கேட்க வாயெடுத்தார். டாக்டர் அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

அவர் கேட்க நினைத்ததைக் காளியாத்தாளே புரிந்துகொண்டார். "அவரு எங்கியோ நல்லா இருக்கட்டுமுங்க" என்றார். அவ்வளவுதான்.

பிறகு தூக்குப்போசியை உம்மல் குல்சுமிடம் நீட்டினார்.

"அம்மணி, இதுல கொஞ்சம் உங்க ஊட்டுத் தண்ணி புடிச்சுக் குடுங்க. அந்தம்மாவப் பாக்க வெறுங்கையோட போகக் கூடாதில்லீங்களா."

உம்மல் குல்சும் போசியைக் கழுவி, விளிம்பு வரை நிரப்பி, மூடியை அழுத்தி மூடிக் கொடுத்தார். ஜீப் கிளம்பியது. தெருமுனை திரும்பும்போது, அது சிந்திவிடாமல் காளியாத்தாள் இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.